காலி வாசலும் ஒரு கொலையும்: 'ஆம்', 'இல்லை' மட்டும் கொண்டு புதிர் எப்படி அவிழ்கிறது?

ஒரு மூதாட்டி விடிகாலையில் கதவைத் திறந்து எதிர்வீட்டு வாசலைப் பார்க்கிறாள். அன்று மாலை ஒரு கொலைச் செய்தி அந்தத் தெருவுக்கு வந்து சேர்கிறது. கொன்றது யார் என்று அவள் அப்போதே சொல்லிவிடுகிறாள். எப்படித் தெரிந்தது?

புதிர் இவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆயுதம் இல்லை, செத்தது யார் என்பதுகூட இல்லை. கேட்பவர்கள் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். புதிர் போட்டவர் 'ஆம்', 'இல்லை' என்று மட்டுமே பதில் சொல்வார்.

முதல் முறை இதைச் சந்திப்பவர்கள் பெரும்பாலும் எரிச்சல் அடைகிறார்கள். "மனதில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு கேட்டால் நான் எப்படிக் கண்டுபிடிப்பது?" என்பது அவர்கள் முறையீடு. அதில் பாதி நியாயம் உண்டு. மீதிப் பாதிக்குக் கணக்கிலும் இலக்கணத்திலும் விடை இருக்கிறது. வழக்கமான விளக்கங்கள் கணக்கைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன. இலக்கணத்தில்தான் விஷயம் அதிகம் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி.

விடுகதை வேறு, இது வேறு

நம் விடுகதையில் துப்பு முழுவதும் சொல்லப்பட்ட வரிக்குள்ளேயே இருக்கும். பொருளை உருவகத்தால் மூடியிருப்பார்கள். மூடியைத் திறந்தால் போதும். மேலே உள்ள கொலைப் புதிரில் வரிக்குள் ஏறக்குறைய எதுவும் இல்லை. துப்பை ஒவ்வொரு கேள்வியாகக் கொடுத்து வாங்க வேண்டும்.

இந்த வகை உலகம் முழுவதும் விளையாடப்படுகிறது. கடலோர உணவகத்தில் ஆமை சூப் கேட்டுச் சாப்பிட்ட ஒரு மனிதனைப் பற்றிய புதிர் மிகப் பிரபலமாகி, ஜப்பானிலும் சீனாவிலும் மொத்த விளையாட்டுக்கே 'ஆமை சூப்' என்று பெயர் நின்றுவிட்டது. சீனாவில் முதலில் சொல்லப்படும் கதைக்குச் சூப்பின் மேல்பரப்பு என்றும், மறைந்திருக்கும் உண்மைக்குச் சூப்பின் அடி என்றும் பெயர். ஜெர்மனியில் 2004இல் 'பிளாக் ஸ்டோரீஸ்' என்று 50 அட்டைகளாக அச்சிட்டு விற்றார்கள். அட்டையின் முன்புறம் புதிர், பின்புறம் விடை, பெரும்பாலும் ஒரு பிணம். ஆங்கில உலகில் இவற்றைப் பக்கவாட்டுச் சிந்தனைப் புதிர்கள் என்பார்கள். 'பக்கவாட்டுச் சிந்தனை' என்ற சொல்லை 1967இல் உருவாக்கியவர் மால்டாவில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் டி போனோ.

ஒரு கேள்வியின் எடை

முதலில் கணக்கு. ஒரு தெருவில் 16 பேர் மீது சமமாகச் சந்தேகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி "இவரா?" என்று கேட்டால் அதிகபட்சம் 15 கேள்விகள் ஆகும். சராசரி எட்டரைக்குச் சற்றுக் குறைவு.

2. "தெருவின் வடபுறத்து 8 வீட்டாரில் ஒருவரா?" என்று பாதியாக வெட்டிக்கொண்டே போனால் 16 எட்டாகும், எட்டு நான்காகும், நான்கு இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். எப்போதும் 4 கேள்விகள்தான்.

3. இப்படி வெட்டினால் 10 கேள்விகள் 1,024 வாய்ப்புகளைப் பிரித்துவிடும். 20 கேள்விகள் 10,48,576 வாய்ப்புகளைப் பிரிக்கும். இருபது கேள்விகளில் எதையும் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய விளையாட்டின் மாயம் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1948இல் தகவல் கோட்பாட்டை எழுதியபோது இந்த எடைக்கு ஓர் அலகு கிடைத்தது: பிட். ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் சம வாய்ப்புள்ள கேள்வியின் பதில் 1 பிட் தகவல் தருகிறது. 'ஆம்' வருவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு என்றால் சராசரியாக 0.81 பிட். நூறில் ஒரு வாய்ப்பு என்றால் வெறும் 0.08 பிட். எடுத்த எடுப்பில் "தோட்டக்காரன் விஷம் வைத்தானா?" என்று கேட்பவர் இந்த 0.08ஐத்தான் வாங்குகிறார். அது பலித்துவிட்டால் கூட்டம் கைதட்டும். பலிக்காத தொண்ணூற்றொன்பது முறைகளை யாரும் எண்ணுவதில்லை.

சந்தேகம் எல்லார்மீதும் சமமாக இல்லாவிட்டால்? ஒருவர்மீது மட்டும் பாதிச் சந்தேகம் விழுந்திருந்தால் அவரை நேரடியாகப் பெயர் சொல்லிக் கேட்பதே சரியான வெட்டு. இதை ஒழுங்கான முறையாக்கியவர் டேவிட் ஹஃப்மன். 1951இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தேர்வு எழுதுவதற்குப் பதிலாகக் கட்டுரை தரலாம் என்று ஆசிரியர் அளித்த வாய்ப்பில் பிறந்தது அது. வாய்ப்பு மிகக் குறைந்த இரண்டை முதலில் ஒரு கட்டாகக் கட்ட வேண்டும். அந்தக் கட்டை ஒன்றாக எண்ணி மறுபடியும் அதையே செய்ய வேண்டும். ஆம், இல்லை என்று கிளை பிரிந்து போகும், மிகக் குறைந்த சராசரிக் கேள்விகள் கொண்ட கேள்வி மரம் தானாகக் கிடைத்துவிடும்.

பாதியாக வெட்டும் இந்தப் புத்தி பிறவியில் வருவதில்லை. 1966இல் வெளியான ஆய்வு ஒன்றில் மோஷரும் ஹார்ன்ஸ்பியும் 42 படங்களைக் குழந்தைகள் முன் பரப்பி, மனதில் நினைத்த படத்தைக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஆறு வயதினர் பெரும்பாலும் ஒவ்வொரு படமாகக் கேட்டார்கள். பதினொரு வயதினர் "அது விலங்கா?", "அது கருவியா?" என்று வகை வகையாகக் கழித்தார்கள். கொலைப் புதிர் என்று வந்துவிட்டால் பெரியவர்களும் ஆறு வயதுக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

கணக்கு எங்கே நின்றுபோகிறது?

42 படங்கள் மேசைமேல் கிடந்தன. 16 பேர் தெருவில் இருந்தார்கள். கொலைப் புதிரில் அப்படி ஒரு பட்டியலே கிடையாது. பட்டியல் இல்லாத இடத்தில் எதைப் பாதியாக வெட்டுவது?

கேட்பவர் அந்தப் பட்டியலைத் தானே தயாரித்துக்கொள்கிறார், தயாரித்ததை உணர்வதில்லை. "வாசலைப் பார்க்கிறாள்" என்று கேட்டதும் வாசலில் ரத்தம், செருப்பு, கத்தி, கால்தடம் என்று ஒரு காட்சியை மனம் வரைந்துவிடுகிறது. அதன் பிறகு கேட்கும் கேள்விகள் எல்லாம் அந்தக் காட்சிக்குள்தான் நடக்கின்றன. உண்மை அந்தக் காட்சிக்கு வெளியே இருந்தால் எத்தனை நேர்த்தியாகப் பாதி பாதியாக வெட்டினாலும் பயனில்லை.

உளவியலாளர் பீட்டர் வாசன் 1960இல் லண்டனில் இதை வேறு வடிவில் காட்டினார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. வேறு மூன்றெண் தொகுதிகளைச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். ஒவ்வொரு தொகுதிக்கும் அது விதிக்குள் அடங்குகிறதா இல்லையா என்று மட்டும் சொல்வார். 8, 10, 12? அடங்கும். 20, 22, 24? அடங்கும். "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று அறிவித்தார்கள். தவறு. விதி, ஏறுவரிசையில் உள்ள எந்த மூன்று எண்களும் என்பதுதான். 29 பேரில் 6 பேர் மட்டுமே முதல் அறிவிப்பிலேயே சரியாகச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் ஊகத்துக்கு 'ஆம்' கிடைக்கும் கேள்விகளாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'இல்லை' கிடைக்கக்கூடிய 3, 7, 50 போன்ற ஒன்றைச் சொல்லிப் பார்த்திருந்தால் அதற்கும் 'ஆம்' கிடைத்து அவர்கள் விதி உடைந்திருக்கும்.

ஆகவே கேள்விகள் இரண்டு வகை. ஒரு வகை, வரைந்த காட்சிக்குள் இடத்தைச் சுருக்குவது. மற்ற வகை, காட்சி சரியா என்றே சோதிப்பது. முதல் வகைக்குக் கணக்கு உதவும். இரண்டாம் வகைக்குக் கேள்வியின் வாக்கியத்தை அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

பதில்கள் உண்மையில் எத்தனை?

பவணந்தி முனிவரின் நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. முதல் மூன்றும் வெளிப்படையான விடைகள். பின் ஐந்தும் சுற்றி வருபவை. "நேற்று அங்கே போனாயா?" என்றால் "காலில் அடிபட்டிருந்தது" என்பது உற்றது உரைத்தல். போகவில்லை என்பதைக் கேட்டவரே புரிந்துகொள்வார்.

நமது புதிர் விளையாட்டு இந்த எட்டில் ஆறை வெட்டி எறிந்துவிட்டு 'நேர்', 'மறை' இரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறது. அன்றாடப் பேச்சில் சுற்றி வரும் பதில்களிலிருந்துதான் நாம் பாதிச் செய்தியைப் பொறுக்குகிறோம். அது அடைபட்டதும் மூச்சு முட்டுகிறது.

ஆனால் நேர்மையாக விளையாட இரண்டு பதில்கள் போதாது. இதை மணிமேகலை தெளிவாகச் சொல்கிறது. அதன் முப்பதாம் காதை வினாவுக்கு விடை தரும் முறைகளை நான்காக்குகிறது:

1. துணிந்து சொல்லல். தோன்றியது கெடுமா என்றால் கெடும் என்பது. புதிரில் இதுவே 'ஆம்' அல்லது 'இல்லை'.

2. கூறிட்டு மொழிதல். செத்தவன் மறுபடி பிறப்பானா என்றால், பற்று அறுத்தவனா, அறுக்காதவனா என்று பிரித்துப் பதில் சொல்வது. புதிரில் "ஒரு பொருளில் ஆம், இன்னொரு பொருளில் இல்லை" என்பது.

3. வினாவின் விடுத்தல். முட்டை முந்தியதா, பனை முந்தியதா என்றால், எந்த முட்டைக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்பது. புதிரில் "எந்த வீட்டைச் சொல்கிறீர்கள்?" என்பது.

4. வாய் வாளாமை. ஆகாயப்பூ பழையதா, புதியதா என்று கேட்டால் பேசாதிருப்பது.

நான்காவதில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. ஆகாயத்தில் பூவே இல்லை. 'புதியது' என்றாலும் பொய், 'பழையது' என்றாலும் பொய். கொலைப் புதிரில் "கொன்றது அவருடைய மகனா?" என்று ஒருவர் கேட்கிறார், செத்தவருக்கு மகனே இல்லை. புதிர் சொல்பவர் "இல்லை" என்றால் அது பொய் ஆகாது. ஆனால் கேட்டவர் மனதில் குற்றமற்ற ஒரு மகன் பிறந்துவிடுகிறான். அடுத்த பத்துக் கேள்விகளுக்கு அவன் வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பான். "கேள்வியே பொருந்தாது" என்று சொல்பவரே நல்ல புதிர்க்காரர். பொருளற்ற விவரத்துக்கு "கதைக்குத் தொடர்பில்லை" என்று சொல்வதும் இதன் தம்பி.

'ஆ' எங்கே ஒட்டுகிறது?

தமிழில் விளையாடுபவர்களுக்கு ஒரு கூர்மையான கருவி உண்டு. அது ஓர் எழுத்து: வினா எழுத்தான 'ஆ'. வாக்கியத்தில் எந்தச் சொல்லின் வாலிலும் அதை ஒட்டலாம். ஒட்டும் இடம் மாறினால் கேள்வி மாறுகிறது.

1. "அவர் நேற்று இரவு வீட்டில் கொல்லப்பட்டாரா?"

2. "அவர் நேற்று இரவு வீட்டிலா கொல்லப்பட்டார்?"

3. "அவர் நேற்று இரவா வீட்டில் கொல்லப்பட்டார்?"

4. "அவரா நேற்று இரவு வீட்டில் கொல்லப்பட்டார்?"

நான்குக்கும் பதில் "இல்லை" என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதில் இடம் மட்டும் தவறு. இரவும் கொலையும் உறுதி. மூன்றாவதில் நேரம் மட்டும் தவறு. நான்காவதில் ஆள் மட்டும் தவறு. வேறு யாரோ கொல்லப்பட்டிருக்கிறார். முதலாவதில் எது தவறு என்றே தெரியாது. நேரமா, இடமா, அல்லது கொலையே இல்லாமல் விபத்தா? மூன்று செய்திகளை ஒரே மூட்டையில் கட்டி மொத்தமாக 'இல்லை' வாங்கியிருக்கிறோம்.

அப்படியானால் இரண்டு, மூன்று, நான்கு சிறந்தவையா? அங்கே வேறோர் ஆபத்து. 'ஆ' ஒட்டாத பகுதி எல்லாம் ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டதாகிவிடுகிறது. "வீட்டிலா கொல்லப்பட்டார்?" என்று கேட்பவர், கொல்லப்பட்டார் என்பதைக் கேட்காமலே எடுத்துக்கொண்டார். அது இன்னும் உறுதியாகாத செய்தி என்றால் அவர் கேட்டது ஆகாயப்பூவின் வயது.

இதிலிருந்து நடைமுறை விதிகள் சில கிடைக்கின்றன.

முதலில், ஒரு கேள்வியில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும். "கொல்லப்பட்டாரா?" என்று தனியாகக் கேட்டு 'ஆம்' வாங்கிய பிறகே "வீட்டிலா?" என்று போக வேண்டும்.

அடுத்து, எதிர்மறையில் கேட்கவே கூடாது. "வாசலில் ஒன்றும் இல்லையா?" என்ற கேள்விக்குத் தமிழில் "ஆம்" என்றாலும் ஒன்றும் இல்லை என்றுதான் பொருள், "இல்லை" என்றாலும் பெரும்பாலும் அதே பொருள்தான். எதிரெதிரான இரண்டு பதில்களும் ஒன்றையே சொல்லுமானால் அந்தக் கேள்வியின் எடை பூஜ்யம்.

'இல்லை', 'அல்ல' இரண்டையும் கலக்காத புதிர்க்காரர் கிடைத்தால் அது அதிர்ஷ்டம். "கொன்றது கணவரா?" என்பதற்குக் "கணவர் அல்ல" என்பது ஆள் வேறு என்கிறது. "கணவர் இல்லை" என்பது அப்படி ஓர் ஆளே கிடையாது என்றும் பொருள்படலாம். இன்றைய எழுத்தில் இந்த வேறுபாடு கரைந்துவருவதால் சந்தேகம் வந்தால் கேட்டுத் தெளிந்துகொள்வதே நல்லது.

எதிர்வீட்டு வாசல்: 17 கேள்விகள்

இப்போது மூதாட்டியிடம் திரும்புவோம். விளையாட்டு ஏறக்குறைய இப்படிப் போகும்.

1. கொல்லப்பட்டவர் எதிர்வீட்டைச் சேர்ந்தவரா? ஆம்.
2. கொலை அந்த வாசலில் நடந்ததா? இல்லை.
3. மூதாட்டி கொலையைக் கண்ணால் பார்த்தாளா? இல்லை.

இதுவரை நல்ல வெட்டுகள். கொலை வேறெங்கோ நடந்திருக்கிறது, அவள் பார்க்கவில்லை. அப்படியென்றால் வாசலில் கண்டது ஒரு தடயம். இங்கேதான் காட்சி மனதில் உறைகிறது.

4. வாசலில் ரத்தம் இருந்ததா? இல்லை.
5. கால்தடம் இருந்ததா? இல்லை.
6. அந்நியருடைய செருப்போ துணியோ இருந்ததா? இல்லை.

மூன்று 'இல்லை'கள். அனுபவமில்லாத குழு இதே திசையில் இன்னும் இருபது பொருள்களைக் கேட்டுக் களைத்துப்போகும். தொடர்ந்து மூன்று 'இல்லை' விழுந்தால் நின்று, மூன்று கேள்விகளுக்கும் பொதுவாக எதை எடுத்துக்கொண்டோம் என்று பார்ப்பதுதான் இந்த விளையாட்டின் முழுத் திறமை. மூன்றிலும் பொதுவாக இருந்தது 'இருந்ததா' என்ற சொல். வாசலில் ஏதோ ஒன்று இருந்தது என்று புதிர் சொல்லவே இல்லை. அவள் வாசலைப் பார்த்தாள் என்று மட்டுமே சொன்னது.

7. அவள் கண்டது வாசலில் இருந்த ஏதாவது ஒன்றையா? இல்லை.
8. வழக்கமாக அங்கே இருக்கும் ஒன்று அன்று இல்லாமல் இருந்ததா? ஆம்.

ஏழாவது கேள்விக்குக் கிடைத்த 'இல்லை'யைக் கவனிக்க வேண்டும். நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் சேர்ந்து தந்ததைவிட அது கனமானது. ஒரு வரியில் மொத்தக் காட்சியையும் அது சரித்துவிட்டது.

9. அதை யாராவது எடுத்துப்போனார்களா? இல்லை.
10. அது நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவதா? ஆம்.
11. கோலமா? ஆம்.

பதினோராவது கேள்வி நேரடி ஊகம். தொடக்கத்தில் கேட்டிருந்தால் நூறில் ஒன்று. பத்தாவது கேள்விக்குப் பின் அது பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பு; கேட்கலாம்.

இங்கே அடுத்த பள்ளம். கோலம் போடுபவளே கொல்லப்பட்டவள், அதனால்தான் கோலம் இல்லை என்று முடிவுகட்டிப் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அந்தக் கதையில் சாவு தெரிகிறது. கொன்றவர் யார் என்பது தெரியவில்லை. புதிர் கேட்டது அதைத்தான்.

12. கொல்லப்பட்டவர்தான் வழக்கமாகக் கோலம் போடுபவரா? இல்லை.
13. கோலம் போடுபவர் அன்று காலை வீட்டில் இருந்தாரா? ஆம்.
14. உடல்நலக் குறைவால் போடாமல் இருந்தாரா? இல்லை.
15. மறந்துவிட்டாரா? இல்லை.
16. சாவு விழுந்த வீட்டில் கோலம் போடக்கூடாது என்ற வழக்கத்தால் போடவில்லையா?

இது எதிர்மறைக் கேள்வி. மேலே சொன்ன விதி காற்றில் பறந்தது. ஆர்வம் மிகும்போது எல்லோரும் இப்படித்தான் கேட்பார்கள். புதிர் சொல்பவர் திருப்பிக் கேட்கச் சொல்ல வேண்டும்: "அந்த வழக்கம்தான் காரணமா?" ஆம்.

17. சாவுச் செய்தி தெருவுக்கு வந்தது மாலையில். காலையிலேயே அது கோலம் போடுபவருக்குத் தெரிந்திருந்ததா? ஆம்.

விடை இப்போது தானாக நிற்கிறது. எதிர்வீட்டுக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார் என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். இரவில் ஊர் எல்லையில் அவரைக் கொன்றது அவள்தான். கொலைக்கு அஞ்சாத கை, சாவு வீட்டில் கோலம் போட அஞ்சியது. பிணம் கிடைத்த செய்தி வருவதற்குப் பத்து மணி நேரம் முன்பே அந்த வீடு துக்க வீடாகிவிட்டதை வாசல் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டு வழக்கம் தெரியாத ஒருவருக்கு இந்தப் புதிரைப் போட்டால் பத்தாவது கேள்வியோடு அவர் திணறுவார். அது அவர் அறிவின் குறை ஆகாது. எந்தப் புதிரும் கேட்பவரும் சொல்பவரும் பகிர்ந்துகொண்ட ஏதோ ஒரு வழக்கத்தின்மேல்தான் நிற்கிறது. ஆரம்பத்தில் பார்த்த முறையீட்டின் நியாயமான பாதி இதுவே.

புதிர் சொல்பவர் ஒரு முறை தவறினால்

பதில் சொல்பவர் ஒரே ஒரு முறை தவறாகச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் 1976இல் தன் வாழ்க்கை வரலாற்றில் இதைக் கேட்டார். 10 லட்சம் எண்களில் ஒன்றைக் கண்டுபிடிக்க 20 கேள்விகள் போதும். ஒரு பொய்க்கு அனுமதி உண்டென்றால்? 1987இல் ஆண்ட்ஜெய் பெல்ட்ஸ் விடையைக் காட்டினார்: 25. ஒரு பொய்யின் விலை ஐந்து கேள்விகள். ஆனால் அது, பொய் வரலாம் என்று முன்பே தெரிந்து திட்டமிட்டுக் கேட்டால் ஆகும் விலை. கொலைப் புதிரில் யாரும் அப்படித் திட்டமிடுவதில்லை. பன்னிரண்டாவது கேள்விக்குப் புதிர் சொல்பவர் அசட்டையாக "ஆம்" என்றிருந்தால் மனைவி கொலையுண்டவளாகி, விளையாட்டு அதோடு முடிந்திருக்கும்.

பேச முடியாத சாட்சி

ஹங்கேரியில் இந்த விளையாட்டுக்குப் 'பார்கொக்பா' என்று பெயர். கி.பி. 132இல் ரோமானியருக்கு எதிராக யூதர்கள் கிளர்ந்தபோது தலைமை தாங்கியவர் பார் கொக்பா. அவர் ரோமானிய முகாமுக்கு அனுப்பிய ஒற்றன் பிடிபட்டான். நாக்கையும் கைகளையும் வெட்டித் திருப்பி அனுப்பினார்கள். அவனால் பேச முடியாது, எழுத முடியாது. பார் கொக்பா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க, அவன் தலையசைத்து எல்லாவற்றையும் சொன்னான் என்பது கதை. ஹங்கேரியக் கணிதவியலாளர் ஆல்ஃபிரட் ரேனி தகவல் கோட்பாட்டை விளக்க இந்தக் கதையைப் பயன்படுத்தினார். இது புராணம் போன்றது. வரலாறு என்று கொள்ள வேண்டியதில்லை.

வரலாறாகவே ஒன்று நம் நாட்டில் உண்டு. 1885இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு முடிவு செய்த 'குயின் எம்பிரஸ் எதிர் அப்துல்லா' வழக்கு அது. கழுத்து அறுபட்ட ஒரு பெண். நினைவு இருக்கிறது, பேச்சு இல்லை. மாஜிஸ்திரேட் யார் செய்தது என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்டார். கையசைத்து மறுத்தாள். அப்துல்லாவின் பெயருக்கு ஆம் என்று கையசைத்தாள். கத்தியாலா, வாளாலா என்றார், மறுத்தாள். சவரக் கத்தியாலா என்றார். ஆம் என்று காட்டினாள். பிறகு இறந்துபோனாள்.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 32ஆம் பிரிவு, இறந்தவர் எழுத்தாலோ சொல்லாலோ செய்த கூற்றைத்தான் ஏற்றது. கையசைப்பு சொல்லா? கேள்வியையும் சைகையையும் சேர்த்துப் பார்த்தால் அது சொல்லால் செய்த கூற்றுத்தான் என்று பெரும்பான்மை நீதிபதிகள் முடிவு செய்தார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அந்த விதி 26ஆம் பிரிவாக இருக்கிறது. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கூட்டு வன்புணர்வுக் கொலை வழக்கிலும் சைகைகளால் பெறப்பட்ட மரண வாக்குமூலத்தை உச்ச நீதிமன்றம் 2017இல் ஏற்றது.

புதிருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகள் சாதாரணமானவை இல்லை.

1. புதிர் சொல்பவருக்கு விடை தெரியும், களைப்பு கிடையாது. சாகும் சாட்சிக்கு எத்தனை கேள்விகள் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது.

2. புதிரில் தவறான ஊகத்துக்கு விலை ஒரு கேள்வி. இங்கே விலை ஓர் உயிராக இருக்கலாம்.

3. புதிரில் கேள்வி பதிலை மாற்றுவதில்லை. மனித நினைவில் மாற்றுகிறது. உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974இல் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, ஒரு குழுவிடம் கார்கள் 'இடித்தபோது' என்ன வேகம் என்றும், இன்னொரு குழுவிடம் 'மோதி நொறுங்கியபோது' என்ன வேகம் என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?" என்ற ஆம்-இல்லைக் கேள்வி. படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. 'இடித்தபோது' குழுவில் 50 பேரில் 7 பேர் ஆம் என்றார்கள். 'நொறுங்கியபோது' குழுவில் 16 பேர்.

விடையைத் தானே ஊட்டும் கேள்வியைச் சட்டம் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். தன் தரப்புச் சாட்சியை முதலில் விசாரிக்கும் வழக்கறிஞர், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், நீதிமன்ற அனுமதியின்றி அப்படிக் கேட்க முடியாது. குறுக்கு விசாரணையில் கேட்கலாம். பழைய சட்டத்தின் 142, 143ஆம் பிரிவுகளும் புதிய சட்டத்தின் 146ஆம் பிரிவும் சொல்வது அதுவே. மரண வாக்குமூலம் நீதிமன்ற விசாரணை ஆகாது என்றாலும் ஆபத்து ஒன்றுதான்.

அலகாபாத் வழக்கின் ஆயுதக் கேள்வியை மீண்டும் பாருங்கள். "கத்தியா, வாளா?" என்பது இரண்டு கதவுகள் மட்டுமே உள்ள கேள்வி. உண்மை மூன்றாவது கதவில் இருந்தது. பேச முடியாத அந்தப் பெண் இரண்டில் ஒன்றைக் காட்டாமல் இரண்டையும் மறுத்தாள். கேட்டவர் அந்த மறுப்பை ஏற்று, தன் பட்டியலுக்கு வெளியே போய்ச் சவரக் கத்தியைக் கேட்டார். ஆனால் அந்த வாக்குமூலத்தில் இருந்த பெயர்களும் ஆயுதங்களும் எல்லாச் சொற்களும் மாஜிஸ்திரேட்டுடையவை. கையசைவு மட்டுமே அவளுடையது. சைகை வாக்குமூலம் வரும் வழக்குகளில், கேட்ட கேள்வி எந்தச் சொற்களில் இருந்தது, அதற்குக் கை எப்படி அசைந்தது என்று வரிக்கு வரி பதிவாகியிருக்கிறதா என்பதைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் புரட்டிப் பார்ப்பார்.